சந்திரனின் இரண்டு கட்டைவிரல்கள்

2024 நவம்பர் 26 — முதுகு ஸ்கேன் — ரூ. 6,500
2025 ஜனவரி 9 — பழைய கேம் கன்ட்ரோலர் — ரூ. 1,300
ஜனவரி 9 — கேபிள் — ரூ. 70
ஜனவரி 11 — வேறு கேபிள் — ரூ. 190
மார்ச் 5 — ஹெப்பாலுக்கு ஆட்டோ, போக வர — ரூ. 420
மார்ச் 21 — ஹெப்பாலுக்கு ஆட்டோ, போக வர — ரூ. 420
மார்ச் 24 — ஸ்பீட் போஸ்ட் — ரூ. 41
மார்ச் 26 — இடுப்பு பெல்ட் — ரூ. 850

சந்திரனுக்கு நாற்பத்தேழு வயது. ஹனூர் தாலுகா ராமாபுரத்துக்காரர். மைசூர் வித்யாரண்யபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளில் பதினோரு வருடமாக அவரும் அவர் மனைவி வடிவும் குடியிருக்கிறார்கள். வடிவு ஊதுபத்தி ஃபாக்டரியில் பெட்டி கட்டும் வேலைக்குப் போகிறார். சந்திரன் இருபத்திரண்டு வருடம் ஜேசிபி ஓட்டியவர். ரிங் ரோட்டுக்கு அப்பால் வந்திருக்கும் லேஅவுட்டுகளில் பலவற்றுக்குச் சாக்கடைக் கால்வாய் அவர் தோண்டியது. பூமிக்குள் போகும் தண்ணீர்க் குழாய்க்கு இரண்டு விரல் மேலே பக்கெட்டின் பல்லை நிறுத்துவார் என்று அவருடைய முதலாளி பசவராஜ் என்னிடமே சொல்லியிருக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு குழாயை உடைத்ததில்லை, ஒரு லாரியைத் தொட்டதில்லை.

நவம்பரில் அவருக்கு இடது பாதம் மரத்துப்போனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இடுப்புக்கு மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். இனி அதிரும் இருக்கையில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கால் போய்விடும் என்றும் சொன்னார். ஜேசிபி இருக்கை காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை அதிரும். சந்திரனுக்கு வேறு வேலை தெரியாது. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கன்னடம் பேசுவார், எழுத வராது.

ஜனவரி 6 அன்று அவர் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கல் குவாரிகளில் இயந்திரம் ஓட்டும் ஒரு நிறுவனத்திலிருந்து வந்திருந்தது. இயந்திரம் பெல்லாரிப் பக்கத்துக் குவாரியில் நிற்கும். ஓட்டுகிறவர் மைசூரில் ஹெப்பால் தொழிற்பேட்டையில் ஓர் அறைக்குள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவருடைய நாற்காலி அதிராது. அந்த வேலைக்கு ஆறு பேர் வேண்டும். இருபது வருட அனுபவம் இருக்க வேண்டும், நாற்பத்தெட்டு வயது தாண்டக் கூடாது. சந்திரனுக்கு மே மாதம் நாற்பத்தெட்டு முடிகிறது.

முதல் சுற்றுத் தேர்வு கம்ப்யூட்டரில். பிள்ளைகள் டிவியில் கேம் விளையாட வைத்திருப்பார்களே, இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரல்களால் இரண்டு குச்சிகளை அசைப்பது, அந்தக் கன்ட்ரோலரைக் கொண்டு திரையில் இருக்கும் ஹிட்டாச்சி என்கிற மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். பதினைந்து நிமிடத்தில் ஆறு லாரி நிரப்ப வேண்டும். லாரியின் டிரைவர் கேபினில் பக்கெட் மோதினால் தேர்வு அதோடு முடிந்தது. வீட்டில் பழகிக்கொள்ள அதே புரோகிராமை அனுப்பியிருந்தார்கள்.

"கம்ப்யூட்டரு உங்ககிட்டத்தான் இருக்குதுங்கய்யா" என்றார் சந்திரன்.

"இருக்கு. அந்தக் கன்ட்ரோலர் இல்லையே."

"அத நான் வாங்கிட்டு வந்துர்றனுங்க. ஒரு மூலையில உக்காந்துக்கறேன். சத்தம் போட மாட்டேன்."

என் மனைவி யதுகிரி சமையலறையிலிருந்து, "எழுபத்து மூணு வயசுல விளையாட்டுச் சாமான் வாங்கறதுக்குத் துணை போகப்போறேளா? போங்கோ, போங்கோ" என்றாள். ஆனால் கூடத்தில் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் சந்திரன் அவ்வப்போது படுத்துக்கொள்ள ஒரு ஜமக்காளத்தை விரித்துவைத்தவளும் அவள்தான். அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் தொடர்ந்து உட்கார முடியாது.

ஜனவரி 9 அன்று நாங்கள் இருவரும் தேவராஜ அரசு ரோட்டுக்குப் போய்ப் பழைய கன்ட்ரோலர் ஒன்று வாங்கினோம். வீட்டுக்கு வந்து செருகினால் கன்ட்ரோலரில் விளக்கு எரிந்தது, கம்ப்யூட்டருக்கு அது வந்ததே தெரியவில்லை. இரண்டு நாள் போனது. அந்தக் கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டும் ஆனது, செய்தி கொண்டுபோகும் கம்பி அதற்குள் இல்லை என்று 11ஆம் தேதி கடையில் சொன்னார்கள். வேறு கேபிள் வாங்கினோம். இப்போது கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. நிறுவனத்தின் புரோகிராமுக்குத் தெரியவில்லை. அது வேறொரு கம்பெனியின் கன்ட்ரோலரைத்தான் அறியும். நடுவில் ஒரு சிறிய இலவசப் புரோகிராமைப் போட்டால் அது நம் கன்ட்ரோலரின் சொல்லை மாற்றி, அந்த வேறு கன்ட்ரோலர் பேசுவதுபோலச் சொல்லும் என்று தெரிந்துகொண்டு, அதையும் போட்டேன். 12ஆம் தேதி காலை பதினொன்றே காலுக்கு, திரையில் இருந்த மஞ்சள் ஹிட்டாச்சி முதன்முதலாகத் திரும்பியது.

"வடிவு! இங்க வாயேன். வண்டி அசையுது பாரு!"

வடிவு கதவருகே நின்று பார்த்தார். "இதுக்கு டீசல் வேண்டாமா?" என்றார்.

"கிண்டலு பண்ணாத."

"கிண்டலு இல்லீங்க. அதுக்கும் செலவு இருக்குதான்னு கேட்டேன்."

அன்று ஒரு லாரி நிரப்பச் சந்திரனுக்கு ஆறு நிமிடம் நாற்பது வினாடி ஆனது. பக்கெட் எங்கெங்கோ போனது. காரணத்தை அவர் உடனே கண்டுபிடித்தார். மண் அள்ளும் இயந்திரத்துக்குத் தோள்போல ஒரு பெரிய கை உண்டு, அது பூம். அதன் முனையில் முழங்கைக்குக் கீழே வருவதுபோல ஒரு சிறிய கை, அது ஆர்ம். அவர் ஓட்டிய ஜேசிபியில் பூமை ஏற்றி இறக்குவது இடது லீவர். ஆர்மை நீட்டி மடக்குவது வலது. ஹிட்டாச்சியில் இது நேர் எதிர். புரோகிராமும் ஹிட்டாச்சி மாதிரியே இருந்தது.

"இருவத்திரண்டு வருசமா இந்தக் கை தூக்கும், இந்தக் கை நீட்டும். இப்பப் போயி மாத்துன்னா கை கேக்குமுங்களா?" என்று கேட்டார்.

மறுநாள், ஜனவரி 13, நடுவில் போட்டிருந்த அந்தச் சிறிய புரோகிராமில் இரண்டு குச்சிகளின் மேல்-கீழ் அசைவை ஒன்றுக்கொன்று மாற்றிவைக்கும் வசதி இருப்பதைப் பார்த்தேன். மாற்றினேன்.

"மாத்தியாச்சு. இப்போ உங்க ஜேசிபி மாதிரியே போகும்."

"மாத்திக்கலாமுங்களா? அவங்களே உட்டிருக்காங்களா?"

"செட்டிங்ல இருக்கு" என்றேன்.

நான் ரயில்வே பட்டறையில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீஸில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். சந்திரன் நிரப்பும் ஒவ்வொரு லாரியின் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவந்தேன். ஜனவரி 13 அன்று மூன்று நிமிடம் ஐம்பது வினாடி. ஜனவரி கடைசியில் இரண்டு நிமிடம் நாற்பது. பிப்ரவரி 20 அன்று இரண்டு நிமிடம் பன்னிரண்டு வினாடி. காலையில் ஆறரைக்கு வருவார். அரை மணி ஓட்டுவார், கால் மணி ஜமக்காளத்தில் முழங்காலை மடக்கிப் படுப்பார், மறுபடி எழுந்து ஓட்டுவார். வடிவு வேலைக்குப் போகும்முன் ஒரு ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி அவர் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார். குச்சி பட்டு அவருடைய இரண்டு கட்டைவிரல்களும் தோலுரிந்து, பிறகு காய்த்துப்போயின. மார்ச் 4 வரை அறுநூற்றுப் பதினொரு லாரி. கடைசி இருநூறில் ஒரு லாரியைக்கூடப் பக்கெட் தொடவில்லை.

மார்ச் 5, புதன்கிழமை. ஆட்டோவில் ஹெப்பாலுக்குப் போனோம். சந்திரன் பின் சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வந்தார். தேர்வு நடத்தியவர் ஸுஷ்மா என்ற பொறியாளர், முப்பது வயதுக்குள் இருக்கும், கன்னடத்தில் மரியாதையாகப் பேசினார். என்னையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க அனுமதித்தார். சந்திரன் உட்கார்ந்தார். கையில் கொடுத்த கன்ட்ரோலர் எங்களுடையது அல்ல, அவர்கள் புரோகிராம் அறிந்த அந்த வேறு கம்பெனியுடையது. நேராகக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தது.

முதல் வினாடியே பக்கெட் மண்ணைக் குத்துவதற்குப் பதில் ஆகாயத்தை நோக்கி நீண்டது. சந்திரன் நிறுத்தினார். கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி அசைத்தார். ஏற வேண்டியது மடங்கியது, மடங்க வேண்டியது ஏறியது. ஐந்து நிமிடத்தில் ஒரு லாரியில் பாதி மண்கூட விழவில்லை, மூன்று முறை லாரியின் பக்கப் பலகையில் இடித்தது. அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பதினைந்து நிமிடமும் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு லாரி நிரம்பியது.

வெளியே வந்து படியில் கையை ஊன்றி நின்றார். "நம்ம மாத்துனது அவங்க புரோகிராமுலதானுங்களே? அப்பறம் ஏன் இங்க மாறல?"

"அவங்க புரோகிராம்ல இல்ல, சந்திரன். நடுவுல நான் ஒண்ணு போட்டேனே, அதுல மாத்தினேன். அது நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான்."

"செட்டிங்குன்னீங்களே."

"சொன்னேன்."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 13: 'இரு குச்சிகளின் மேல்-கீழ் அசைவு மாற்றப்பட்டது.' எதை மாற்றினேன் என்று எழுதியிருந்தேன். எந்தப் புரோகிராமில் மாற்றினேன் என்று எழுதவில்லை. அதை எழுதியிருந்தால் ஹெப்பாலில் அந்தப் புரோகிராம் இருக்காது என்பது எழுதும்போதே கண்ணில் பட்டிருக்கும்.

ஸுஷ்மாவிடம் திரும்பிப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். தவறு என்னுடையது, இவருடையதல்ல என்றேன். சந்திரனின் ஜேசிபி முறையிலேயே ஓட்ட அனுமதிக்க முடியுமா என்று கேட்டேன். "ஆகல்ல சார்" என்று மறுத்தார் அவர். குவாரியில் ஒரே இயந்திரத்தை மூன்று ஷிஃப்டில் மூன்று பேர் ஓட்டுகிறார்கள், ஆளுக்கு ஆள் லீவரை மாற்றிவைத்தால் ஒருநாள் யாராவது மறந்துபோவார்கள், பக்கெட்டுக்குக் கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள் என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு நியாயம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரு மறுவாய்ப்பு உண்டு, மார்ச் 21 அன்று வரலாம் என்றார். பதினைந்து நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாற்றத்தை எடுத்துவிட்டேன். அன்று சாயங்காலமே சந்திரன் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் இருபது வினாடி.

அந்தப் பதினைந்து நாளைப் பற்றி என் நோட்டில் இருப்பது எண்கள் மட்டும்தான். ஒன்றைக் கற்றுக்கொள்வது ஒரு பாடு, கற்றதைக் கையிலிருந்து எடுப்பது வேறு பாடு. சந்திரன் ஒவ்வோர் அசைவுக்கு முன்னும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார், "வலது தூக்கு, இடது மடக்கு." சொல்லிக்கொண்டு செய்தால் சரியாக வந்தது, ஆனால் மெதுவாக. சொல்லாமல் வேகமாகப் போனால் கை பழைய வழிக்கே ஓடியது. அரை மணி என்பதை ஒரு மணி ஆக்கினார். ஜமக்காளத்தில் படுப்பதை நிறுத்தினார். 14ஆம் தேதி நாற்காலியிலிருந்து எழுந்தபோது இடது கால் தாங்காமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். யதுகிரியும் நானும் பிடித்துப் படுக்கவைத்தோம்.

வேலையிலிருந்து வந்த வடிவு அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"அந்த வேல வராதுன்னா இப்பவே சொல்லிருங்க. அவரு காலாவது மிஞ்சட்டும்."

"தெரியலைம்மா. நேத்து மூணு நிமிஷத்துக்குக் கீழே வந்துட்டார். ரெண்டரை வேணும்."

"நீங்க சொன்னா நிறுத்திக்குவாரு. எஞ்சொல்லு எடுபடாது."

உள்ளேயிருந்து சந்திரன், "வடிவு, ஐயாகிட்ட அழுதுட்டு நிக்காத. வெந்நி வையி" என்றார்.

"வைக்கறேன், வைக்கறேன். உங்களுக்கு வெந்நி வச்சே என் சம்பளத்துல பாதி கேஸுக்குப் போகுது."

சந்திரன் சிரித்தார். படுத்தபடியே, கையில் ஒன்றும் இல்லாமல், கட்டைவிரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 20 அன்று கடைசி ஆறு லாரிக்குச் சராசரி இரண்டு நிமிடம் இருபத்தாறு வினாடி. நான்கு வினாடி உபரி.

மார்ச் 21, வெள்ளிக்கிழமை. அதே அறை, அதே கன்ட்ரோலர். அதன் இடது குச்சி எங்களுடையதைவிடச் சற்று மேலே இருக்கும். அதற்காகச் சந்திரன் முந்தின நாள் முழுவதும் இடது கட்டைவிரலை உயர்த்திப் பிடித்துப் பழகியிருந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது தூக்கு, இடது மடக்கு. முதல் லாரி இரண்டு நிமிடம் முப்பத்தொரு வினாடி. இரண்டாவது இரண்டு இருபத்தெட்டு. மூன்றாவது, நான்காவது இரண்டும் இரண்டு இருபத்தைந்து. ஐந்தாவது இரண்டு இருபத்தொன்று. ஒரு லாரியைக்கூடத் தொடவில்லை. ஸுஷ்மா ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஆறாவது லாரிக்கு இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி இருந்தது. நான்கு பக்கெட் போட்டார். ஐந்தாவது பக்கெட் போட்டால் லாரி நிரம்பிவிடும். மண்ணை அள்ளி இயந்திரத்தைத் திருப்ப ஆரம்பித்தபோது உதடுகள் நின்றிருந்ததைப் பார்த்தேன். லாரியின் உயரத்துக்குப் பக்கெட் ஏற வேண்டும். அவருடைய இடது கட்டைவிரல் பின்னால் இழுத்தது. பூம் ஏறவில்லை. ஆர்ம் மடங்கியது. மண்ணோடு பக்கெட் தாழ்வாகவே சுழன்று டிரைவர் கேபினில் மோதியது. திரை சிவந்தது. மேலே கடிகாரம் ஐம்பத்திரண்டு வினாடி மிச்சம் காட்டியபடி நின்றுவிட்டது.

சந்திரன் கன்ட்ரோலரை மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

"உள்ள ஆளு இருந்திருந்தா?" என்றார்.

ஸுஷ்மாவுக்குத் தமிழ் புரியவில்லை. "என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் கன்னடத்தில் கேட்டார். சொன்னேன். அவர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து சந்திரனிடம் கொடுத்தார்.

ஆட்டோவில் வரும்போது நான் மூன்றாவது வாய்ப்புக் கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க."

"தப்பு என்னோடது. அம்பத்தோரு நாள் தலைகீழா ஓட்ட வச்சது நான். அதை எழுதினா அவங்க யோசிப்பாங்க."

"எழுதுங்க. எழுதுனா உங்க மனசு ஆறும்." பிறகு, "இடிச்சது எங்கையிதானுங்களே. உங்க கையி இல்லயே" என்றார்.

மார்ச் 24 அன்று எழுதினேன். ஜனவரி 12 முதல் மார்ச் 20 வரை ஒவ்வொரு நாளும் எத்தனை லாரி, என்ன நேரம் என்பதை நான்கு தாளில் படியெடுத்து இணைத்தேன். முதல் அறுநூற்றுப் பதினொன்றில் பெரும்பாலானவை என் பிழையால் தவறான முறையில் ஓட்டப்பட்டவை, சரியான முறையில் இந்த மனிதருக்குக் கிடைத்தது பதினைந்தே நாள், அந்தப் பதினைந்து நாளில் அவர் எடுத்த முன்னேற்றத்தைப் பாருங்கள், இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டேன். மே மாதம் அவருக்கு வயது தாண்டிவிடும் என்பதையும் சேர்த்தேன்.

பசவராஜ் இரண்டு முறை போன் செய்திருந்தார். வேறு ஆள் வைத்து இரண்டு குழாய் உடைந்துவிட்டது, இனிமேலும் வண்டியைச் சும்மா நிறுத்த முடியாது, வருகிறாயா இல்லையா என்று. 26ஆம் தேதி சந்திரன் மருந்துக் கடையில் இடுப்பு பெல்ட் வாங்கினார். 27ஆம் தேதி காலை ஏழரைக்கு அதைச் சட்டைக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். டாக்டர் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன்.

"அதுல கை தப்பாதுங்கய்யா" என்றார்.

வடிவு கேட்வரை கூடப் போனார். சந்திரனுடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தார். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் சந்திரன் வேலை முடிந்து வரும்போது இடது செருப்பு தரையில் தேயும் சத்தம் கூடம்வரை கேட்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் அந்தச் செருப்பு காலிலிருந்து கழன்றதுகூட அவருக்குத் தெரியாமல், தெருமுனையில் விட்டுவிட்டு வந்தார். வடிவு போய் எடுத்துவந்தார்.

நிறுவனத்தின் பதில் பதிவுத் தபாலில் வந்தபோது சந்திரன் வேலையில் இருந்தார். வடிவுக்கு அன்று மதிய ஷிஃப்ட். அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். ஒரே பக்கம், ஆங்கிலத்தில். நான் அனுப்பிய தாள்களைப் படித்துப் பார்த்ததாகவும், விதிப்படி மூன்றாவது வாய்ப்பு யாருக்கும் இல்லை என்றும், கேபின் மோதலில் முடிந்த தேர்வை மறுபரிசீலனை செய்வதற்கில்லை என்றும், ஆறு இடங்களும் நிரம்பிவிட்டன என்றும் இருந்தது. கீழே ஸுஷ்மாவின் கையெழுத்து. அதற்குக் கீழே, அச்சில் இல்லாமல் பேனாவால், வருந்துகிறேன் என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை.

வடிவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்து, புடவை முந்தியில் முடிந்துகொண்டார்.

"அவரு வந்தா நானே சொல்லிக்கறனுங்க" என்றார். "நீங்க இதயும் எழுதி வச்சுக்கங்க."

எழுதிவைத்தேன். கடிதம் வந்தது 2025 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை.